பிடுங்கிய இடம்

ஜூலை 19
ஆடி பிறந்து மூன்று நாள். சாயங்காலம் தங்கை மகளோடு தட்டுவடை செட் சாப்பிடப் போனேன். வழக்கம்போல வலது பக்கமாகவே கடித்தேன். இடது கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பக்கம் மெல்லுவதையே விட்டுவிட்டேன். இரண்டாவது செட்டில் வலது காதுக்கு முன்னால் 'டக்' என்றது. ராத்திரி வரை வலி, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை.

ஜூலை 21
செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பல் போனால் ஓர் ஓட்டை, அவ்வளவுதான் என்று இத்தனை நாள் நினைப்பு. பின்னால் இருந்த பல் காற்றில் சாய்ந்த வாழை மாதிரி முன்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. மேலே நேர் எதிர்ப்பல் மற்ற பற்களைவிட நீளமாகக் கீழே இறங்கி நிற்கிறது. சாய்ந்த பல்லின் அடியில் மத்தியானம் தின்ற முருங்கைக்கீரை. எடுத்தபோது ஈறில் ரத்தம் வந்தது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அது முன்பல்லுக்குத்தான், கடைவாயில் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஜூலை 24
அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். போனது ஆறு வயதில் முளைக்கிற பல். மெல்லும் வேலையில் பெரும்பங்கு அதற்கு. எதிர்ப்பல் முட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டால் மேல்பல் மெல்ல மெல்ல இறங்கிவிடும். தாடை எலும்பும் வேர் இருக்கும் வரைதான் தன் அளவில் நிற்கும். பல்லை எடுத்த முதல் வருடத்தில்தான் அதிகமாகக் கரையும். படத்தில் அந்த இடம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. காதுக்கு முன்னால் வலிப்பதற்கு ஒரே பக்கம் மென்றதும் காரணமாக இருக்கலாம் என்றார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில் பிடுங்கினேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பல் கட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

எல்லாப் பல்லுக்கும் மாற்று வேண்டும் என்றில்லையாம். ஞானப்பல் போனால் அப்படியே விட்டுவிடலாம். மற்றதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 28
அம்மாப்பேட்டையில் அம்மாவைப் பார்க்கப் போனேன். முறுக்கை வெற்றிலை இடிக்கிற சின்ன உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். தூளாக்கி, டீயில் நனைத்து, நாக்கால் அண்ணத்தில் வைத்து நசுக்கி விழுங்கினாள். கடைவாய்ப் பற்கள் போய்ப் பத்து வருடத்துக்கு மேல். கறி, கடலை, கொய்யா எல்லாம் நின்றுபோய் இப்போது மூன்று வேளையும் குழைந்த சோறு, ரசம், இட்லி. சர்க்கரை இருக்கிற உடம்பு. அவள் தட்டை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

பல் செட் அலமாரியில் எவர்சில்வர் டப்பாவில் கிடக்கிறது. "போட்டா ஆடுது கண்ணு, ஈறு புண்ணாகுது. இந்த வயசுக்கு மேல எதுக்கு?" என்றாள். எலும்பு கரையக் கரைய அந்தச் செட் லூசாகத்தான் போகும் என்று நான் கேட்டு வந்ததைச் சொன்னேன். பேசாமல் உரலைத் துடைத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. சித்ரான்னம், பாயசம். வலி குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 8
மறுபடி டாக்டர். கழற்றி மாட்டுகிற பல் செலவு குறைவு. பிரிட்ஜ் என்றால், அதாவது இரண்டு பக்கப் பல்லையும் தாங்கலாக வைத்து நடுவில் பல் கட்டுவதென்றால், அந்த இரண்டையும் ராவ வேண்டும். சாய்ந்த பல்லை வைத்துப் பிரிட்ஜ் கட்டுவது சிரமம், முதலில் கம்பி போட்டு நிமிர்த்த வேண்டும். இம்பிளான்ட் என்றால் தாடை எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டுவது; அந்த டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டிப் பிடிக்கச் சில மாதங்கள். 1965-லேயே ஸ்வீடனில் பிரோனெமார்க் என்பவர் முதல் ஆளுக்குப் பொருத்திவிட்டாராம். எதைச் செய்தாலும் இறங்கிய மேல்பல்லைக் கொஞ்சம் ராவியாக வேண்டும். அன்றே கட்டியிருந்தால் இதில் பாதி வேலை இல்லை. கம்பி போடச் சம்மதித்துவிட்டேன்.

அம்மாவின் செட்டைப் பற்றியும் கேட்டேன். அடியில் புதிதாகப் பூச்சு வைத்து ஈறுக்குப் பொருந்தச் செய்ய முடியுமா என்று பார்க்கலாம், கூட்டி வாங்க என்றார்.

ஆகஸ்ட் 10
ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தாள். டப்பாவை எடுத்துக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டாளாம். காலையில் எத்தனை மணி பஸ்சுக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள்.