கீமோவும் இஞ்சி காப்ஸ்யூலும்: சில நாள்களின் குறிப்பு

மார்ச் 4

அடுத்த சுற்று கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, நெருங்குகிறது. சென்ற முறை கொடுத்த மருந்து வாந்தியை நிறுத்தியது, குமட்டலை நிறுத்தவில்லை. இரண்டும் வேறு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். இஞ்சி காப்ஸ்யூல் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டேன். பதில் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பார்த்தார். கீமோ தட்டணுக்களைக் குறைக்கும். இஞ்சியும் அதிகமானால் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் விசாரித்தார். இல்லை. பிறகுதான் தலையசைத்தார்.

மார்ச் 6

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைப் படித்தேன். 576 நோயாளிகளின் விவரங்களை அலசியிருக்கிறார்கள். தினமும் அரை, ஒன்று, ஒன்றரை கிராம் இஞ்சி. கீமோவுக்கு 3 நாள் முன்பே தொடங்கி, மொத்தம் 6 நாள். முதல் நாள் குமட்டல் தணிந்திருக்கிறது. நன்றாக வேலை செய்தவை அரை கிராமும் ஒரு கிராமும்தான். கூடுதலாக விழுங்கினால் கூடுதல் பலன் என்று நம்பும் என் வீட்டாருக்கு இதை உரக்கப் படித்துக் காட்டினேன். இன்னொன்றையும் சொன்னேன்: ஆய்வில் இருந்த அனைவரும் வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தையும் எடுத்தவர்கள். பின்னர் வந்த சில ஆய்வுகளில் இஞ்சியால் பலன் தெரியவில்லை என்பதும் உண்மை.

மார்ச் 7

காலை உணவுக்குப் பின் முதல் காப்ஸ்யூல். வெறும் வயிற்றில் போட்டால் நெஞ்செரியும் என்று மருந்தாளுநர் எச்சரித்திருந்தார்.

மாலையில் சித்தி ஒரு புட்டியோடு வந்தார். "மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" பன்னிரண்டு பெயர்கள் அச்சிட்டிருந்தன, எதற்கும் அளவு இல்லை. நடுவில் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை. அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி, இரினோடிகன் போன்ற புற்றுநோய் மருந்தின் வீரியத்தையே குறைத்துவிடும். கிரீன் டீ சாறு மாத்திரையும் அப்படித்தான், போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தைச் செயலிழக்கச் செய்வதாக ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். சித்தியின் மனம் நோகாமல் புட்டியை வாங்கி வைத்தேன். திறக்கவில்லை.

மார்ச் 10

கீமோ. வாந்தித் தடுப்புக்கான ஒண்டான்செட்ரானும் டெக்ஸாமெத்தசோனும் ஏற்றிய பிறகே கீமோ மருந்து இறங்கியது. இரவு இஞ்சி ஏப்பம், அதில் ஒரு காரம். ஆனால் அரை இட்லி உள்ளே போய், உள்ளேயே இருந்தது.

மார்ச் 12

இன்று மோசம். முதல் நாள் குமட்டலுக்குக் குடலிலிருந்து வெளியேறும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் முக்கியக் காரணம். அடுத்த நாள்களில் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு வேதிப்பொருள் முந்திக்கொள்கிறது. இஞ்சி இங்கே எடுபடவில்லை. செவிலியரிடம் தொலைபேசியில் பேசி, தாமதக் குமட்டலுக்கான மாத்திரையைத் தொடங்கினேன். தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால் உடனே அழைக்கச் சொன்னார். சாப்பாட்டை ஆறவைத்துச் சாப்பிடுகிறேன், ஆவி வந்தால்தான் வாடை ஏறுகிறது.

நாளை தட்டணு முடிவு வரும். குறைந்திருந்தால் அடுத்த சுற்றில் காப்ஸ்யூல் இல்லை.