தெப்பக்குளத்தைச் சுற்றி: ஓட்டக் குறிப்புகள்

2024 ஜூன் 18, செவ்வாய்

மறுபடியும் ஓட ஆரம்பித்திருக்கிறேன், இனி அதைப் பற்றி அவ்வப்போது எழுதி வைக்கப் போகிறேன். வயது 48. பள்ளியில் 800, 1500 மீட்டர் ஓடினேன், வெறுங்காலோடு, செம்மண் தடத்தில். மாவட்டப் போட்டி வரைக்கும் போனது உண்டு. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் பி.டி. உஷா நான்கு தங்கம் வாங்கி வந்த பிறகு கொஞ்சம் வேகமாக ஓடுகிற எந்தப் பெண் பிள்ளையையும் உஷா என்றுதான் கூப்பிடுவார்கள், என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்புறம் பிளஸ் டூ, கல்லூரி, கல்யாணம், வேலை, பிள்ளை. ஓட்டம் நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தொடரச் சொல்லவும் ஆள் இல்லை.

இப்போது ஏன் என்றால், போன மாத ரத்தப் பரிசோதனை. ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. அது 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டுவிட்டால் நோய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி இந்தியாவில் 13.6 கோடிப் பேர் இந்த வாசற்படியில்தான் நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கோடிக்கணக்கை விட அம்மாதான் கண்முன் நின்றாள். 50 வயதில் சர்க்கரை வந்தது அவளுக்கு, கடைசியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதியங்களை நான் மறக்கவில்லை.

டாக்டர் ஈ.சி.ஜி., டிரெட்மில் பரிசோதனை இரண்டையும் முடித்த பிறகுதான் ஓடச் சொன்னார். நாற்பதைத் தாண்டி, நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓட வருகிற யாருக்கும், அதுவும் குடும்பத்தில் சர்க்கரையோ இதய நோயோ இருந்தால், நானும் இதையேதான் சொல்வேன். ஒரு காலைப்பொழுது வேலை, அவ்வளவுதான்.

2024 ஜூன் 27, வியாழன்

இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். காலை ஐந்து மணிக்கே மதுரையில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்களோ என்று தோன்றும். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், அரண்மனைக்கு மண் எடுத்த பள்ளம்தான் இது என்பார்கள். ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி, அதனால் வெளிப்பக்கமாக ஒரு சுற்று வந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் பக்கம் வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வருடத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும், பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிற்கிறது, காற்றிலேயே வித்தியாசம் தெரிகிறது.

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இதை மாற்றி மாற்றிச் செய்கிறேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர் பரப்பிய முறை, எழுபதுகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் இப்படித்தான் ஓட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். களைத்துப் போன பிறகு நடப்பதில்லை, களைப்பு வருவதற்கு முன்பே நடக்க வேண்டும், முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

வேகத்துக்கு அளவு? பேச முடிய வேண்டும். ஒரு முழு வாக்கியம் மூச்சு அறுபடாமல் வர வேண்டும். இதயத் துடிப்புக் கணக்கும் இருக்கிறது, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் எனக்கு உச்சம் 174 பக்கம் வருகிறது, ஆனால் அது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்து பதினைந்து கூடும் குறையும். பேச்சு பொய் சொல்லாது.

2024 ஜூலை 14, ஞாயிறு

மூச்சு திரும்பி வருகிற வேகம் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கிற அளவுக்கு வந்தாகிவிட்டது. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நடுவயதில் ஓட வந்தவர்கள் இரண்டாவது மாதத்திலேயே காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஓட ஆரம்பித்த ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற ரத்தம் அதிகமாகிறது. சில வாரங்களில் தசை செல்களுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. ஆனால் தசைநாணும் எலும்பும் அப்படி இல்லை. குதிகால் நாண், முன்னங்கால் எலும்பு, பாதத்தின் அடிச்சவ்வு இதெல்லாம் உறுதிப்பட மாதக் கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு காலில் இறங்குகிறது. மூச்சு "இன்னும் போகலாம்" என்று சொல்லும்போது கால் இன்னும் தயாராகியிருக்காது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓடுகிறேன், ஓடாத நாளில் மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குகிறேன், மெதுவாக, ஒவ்வொரு காலாக.

குளக்கரையில் தினமும் பார்க்கிற ஒரு பெரியவர், போலீஸ் அணிக்காக ஓடியவராம், இன்று கூப்பிட்டுச் சொன்னார்: "நல்லா ஓடுறம்மா, ஆனா இதே வேகத்துல இன்னும் ரெண்டு மாசம் இரு. கால் கேக்கட்டும், அப்புறம் கூட்டலாம்." "சரிங்க சார்" என்றேன். நான் படித்ததையெல்லாம் அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அத்தைக்குத்தான் கவலை. "இந்த வயசுல ஓடுனா முட்டி தேஞ்சு போயிராதாம்மா?" எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. 2017-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். ஓடுவதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, முட்டி நன்றாக இருக்கிறவர்கள்தானே தொடர்ந்து ஓடுகிறார்கள். ஆனாலும் ஓடினால் தேயும் என்ற பயத்துக்கு இது போதுமான பதில். அத்தையிடம் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார்கள்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று ஓட்டம் கிடையாது. நேற்று நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் 1500 மீட்டர் இறுதிப் போட்டி. கென்யாவின் ஃபெய்த் கிப்யேகன் 3 நிமிடம் 51.29 விநாடி, ஒலிம்பிக் சாதனை, தொடர்ந்து மூன்றாவது தங்கம். முதல் தங்கத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் குழந்தை பெற்றவர். கடைசி 200 மீட்டரில் நான் எழுந்து நின்றுவிட்டேன், என் மகளும் கூடவே நின்றாள். என் தூரம் அது. வளைவு முடிந்து நேர்ப்பாதை வரும்போது தொடையில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இன்று பகல் பதினொன்றரைக்குப் பெண்கள் மாரத்தான். 42 கிலோமீட்டரையும் ஓடிவிட்டு மூன்று விநாடி வித்தியாசத்தில் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் ஜெயித்தார், அதே ஒலிம்பிக்கில் 5000, 10,000 இரண்டிலும் வெண்கலம் வாங்கிய பிறகு. 1984 வரைக்கும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே கிடையாது. 1928-ல் 800 மீட்டர் வைத்துவிட்டு, பெண்கள் தாங்க மாட்டார்கள் என்று 1960 வரை எடுத்துவிட்டார்கள். இந்த முறைதான் ஆண்களுக்குப் பிறகு, கடைசி நாளில் பெண்கள் மாரத்தானை வைத்தார்கள். சாம்பார் அடுப்பில் இருக்க, நானும் மகளும் முழுதாகப் பார்த்து முடித்தோம்.

2024 ஆகஸ்ட் 30, வெள்ளி

என் வயதுப் பெண்களுக்காக இதை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்கள் இவை. சில மாதம் வராது, சில மாதம் அளவுக்கு மீறிப் போகும். என் ஹீமோகுளோபின் ஜூனில் 10.6 இருந்தது, பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றாலே ரத்தசோகை. ஆக்ஸிஜனைத் தூக்கிக்கொண்டு போகிற பொருளே குறைவாக இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும். மாடி ஏறும்போது வாங்குகிற மூச்சை "வயசாயிருச்சு" என்று விட்டுவிடுகிற பெண்கள் எத்தனை பேர்! ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், உடம்பில் இரும்புச் சத்து இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் சேர்த்து. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்கிறேன், டீயை அதற்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்துவிட்டேன், டீ இரும்பை உடம்பில் சேர விடாது.

எலும்பு அடுத்தது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையக் குறைய எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். தரையை அழுத்தி மிதிக்கிற வேலை எலும்புக்கு வேண்டும், ஓட்டம் அதைத் தருகிறது. கூடவே எடை தூக்குவதும் வேண்டும், அரிசிப் பை இருக்கவே இருக்கிறது.

உடுப்பு: நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குக் கொடுக்கிற காசு ஷூவுக்குக் கொடுக்கிற காசுக்குச் சமம், இதில் கஞ்சத்தனம் கூடாது. மேலே லூசான டி-ஷர்ட், கீழே டிராக் பேன்ட். முதல் வாரத்தில் திரும்பிப் பார்த்தார்கள், இப்போது யாரும் பார்ப்பதில்லை. நாய்கள்தான் பிரச்சினை, இருட்டில் தனியாகப் போகும்போது. அதற்காகவே பக்கத்துத் தெரு அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஐந்தாறு வருடமாக நடப்பவர். போன வாரம், "அக்கா, ஒரே ஒரு நிமிஷம் என்கூட ஓடிப் பாருங்க" என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். அப்புறம், "ஸ்கூல்ல ஓடுனது, அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தார், குளத்தின் அடுத்த மூலை வரைக்கும். இந்தத் திங்கட்கிழமை சுடிதாரில் வந்தார்.

நடைபயிற்சிக்கு வருகிற இடங்களில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். இது ஒன்று இல்லாமலேயே எத்தனை பேர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

புழுக்கம். வெயிலை விட இதுதான் மோசம், காற்றில் ஈரம் இருந்தால் வியர்வை ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது, அதே வேகத்துக்கு இதயம் பத்துத் துடிப்பு அதிகம் அடிக்கிறது. அப்படிப்பட்ட நாளில் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர்.

2024 அக்டோபர் 27, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் நேற்று முழுக்கச் சுத்தம் செய்யும் வேலை. வாளி வாளியாகச் சேற்றுத் தண்ணீரை அள்ளிக் கொட்டினேன், மாடிக்கும் கீழுக்கும் சாமான் தூக்கினேன். சாயங்காலம் வரை நிற்காமல் செய்ய முடிந்தது. போன வருடம் இருந்த உடம்புக்கு இது முடிந்திருக்காது. உடம்பில் தெம்பு சேர்வதை நான் முதலில் உணர்ந்தது குளக்கரையில் அல்ல, நேற்று அந்த வீட்டில்தான்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

நடக்காமல் ஐந்து கிலோமீட்டர். நான்கு சுற்றுக்கு மேல். 41 நிமிடம், கடைசி வரை அக்காவோடு பேசிக்கொண்டே, அவர் நடுவில் நடந்து நடந்து வந்து சேர்ந்துகொண்டார்.

பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 111-லிருந்து 97. ஹெச்பிஏ1சி 5.7. ஹீமோகுளோபின் 12.3. டாக்டர் ஒரு விஷயம் சொன்னார், நான் கேள்விப்படாதது: இரும்புச் சத்துக் குறைவாக இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையை விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடுமாம், அதனால் இந்த இறக்கம் முழுவதும் ஓட்டத்தால் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வெறும் வயிற்று அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் இறங்கியிருக்கிறது, அது போதும் எனக்கு. வேலை செய்கிற தசை இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், ஓடி முடித்த பிறகும் ஒரு நாள் வரைக்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற கணக்கு அதற்கும் பொருந்துகிறது. எடை இரண்டு கிலோதான் குறைந்தது. எடையை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பேன்.

எட் விட்லாக்கைப் பற்றி மகள் காட்டிய ஒரு கட்டுரையைப் படித்தேன். லண்டனில் பிறந்தவர், இளவயதில் ஓடியவர், கனடாவுக்குப் போய் வேலையில் சேர்ந்து ஓட்டத்தை விட்டுவிட்டு, நாற்பதுக்கு மேல் மறுபடி வந்தார். 73 வயதில், 2004-ல், டொராண்டோ மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். 85 வயதில் நான்கு மணி நேரத்துக்குள். அவருடைய பயிற்சி, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைத் தோட்டத்தை மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வருவது. பக்கத்திலேயே ஓர் இடம், அதே சுற்று, மெதுவான ஓட்டம், வருடக்கணக்கில். இதைப் படித்த பிறகு தெப்பக்குளத்துச் சுற்று எனக்குச் சின்னதாகவே தெரியவில்லை.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

ரேஸ்கோர்ஸ் மைதானத்து ஓடுபாதையில் இன்று மகளோடு. இப்போதுதான் வேகத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன்: நிதான ஓட்டத்துக்குப் பிறகு 20 விநாடி விரைவாக, ஆனால் உடம்பை இறுக்காமல், நன்றாக மூச்சு அடங்கியதும் அடுத்தது. நான்கு முறை, அதற்கு மேல் இல்லை. நிமிர்ந்த முதுகு, முழங்கையைப் பின்னால் இழுப்பது, பார்வை நேராக, பள்ளியில் பி.டி. டீச்சர் கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் கேட்காமலே வந்தது. மகள் வீடியோ எடுத்தாள். "அம்மா, உங்க கால் தரையில படவே இல்ல" என்றாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

இனி வாரத்தில் ஒரு நாள் இது, மற்ற நாட்களில் பழைய வேகம்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக் கிலோமீட்டர் அரைக் கிலோமீட்டராகக் கூட்டி ஏப்ரலுக்குள் பத்துக் கிலோமீட்டர். பிப்ரவரி 11 தைப்பூசம், அன்று குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவுக்கு முந்தைய வாரமே குளக்கரையில் பந்தலும் கடைகளும் வந்துவிடும், அந்த வாரத்துக்கு ரேஸ்கோர்ஸ்தான். அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருக்கு நல்ல ஷூ வாங்க நாளை சாயங்காலம் டவுனுக்குப் போகிறோம்.