ஆயிரத்து இருநூறும் ஆடி மாத வளையலும்

சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் பதினொரு வருடம் கேஷ் கவுண்டரில் இருந்தேன். மாதத் தொடக்கத்தில் வயதானவர்கள்தான் அதிகம் வருவார்கள். முதியோர் பணம் ஏறிவிட்டதா என்று கேட்க, பாஸ்புக்கும் கையுமாக ஒன்பதரைக்கே படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதில் ஓர் ஆயா. கொலுசுக்குக் கண்ணி கோர்த்தே விரல் நுனி மழமழவென்று ஆகிவிட்டது. ரேகை மெஷினில் விழாது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை அழுத்துவார். "நூறு நோட்டாவே குடு கண்ணு" என்பார். உதவித்தொகை ஆயிரமாக இருந்த காலத்தில் கவுண்டரிலேயே பிரிப்பார்: மருந்துக்கடைக்கு ஆறு, மளிகைக்கு மூன்று, வெற்றிலை செலவுக்கு ஒன்று. அந்த ஆறு நோட்டை மட்டும் எண்ணிப் பார்க்கவே மாட்டார். அப்படியே மடித்துச் சுருக்குப் பையில் திணித்துக்கொள்வார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. கொஞ்ச நாளில் அவருக்கும் சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வர ஆரம்பித்தது. அப்புறம் 2023இல் உதவித்தொகை 1,200 ரூபாய் ஆனது. ஏறியது 200தான். ஆனால் மருந்துக்கடைப் பணமும் மிச்சமானதால் அவர் கையில் கூடுதலாக நின்றது 800. அந்தத் தொகை போதும் என்று நான் சொல்ல மாட்டேன், போதவே போதாது. இருந்தாலும் உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மருந்துச் செலவையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அடுத்த ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் பேத்திக்கு வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையலைப் பொட்டலம் பிரித்துக் காட்டினார். பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதே கவுண்டருக்கு அரசு வேலையில் ஓய்வு பெற்ற ஒருவரும் வருவார். நல்ல பென்ஷன். ஓய்வுக்குப் பிறகு மாதம் ஒருமுறை மனைவியோடு ஏற்காடு போய் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து சேலத்து விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை இனி அந்த அம்மாவின் உடம்பு தாங்காது. பதினைந்தாயிரம் இருபதாயிரமாக எடுப்பார். கட்டை எண்ணாமல் அப்படியே பைக்குள் போடுவார், ஆயா அந்த ஆறு நோட்டைத் திணித்த மாதிரியே.

ஒருநாள் நூறு ரூபாயை நீட்டிப் பத்து ரூபாய் நோட்டாகக் கேட்டார். "இன்னிக்கு ஆஸ்பத்திரி இல்லைங்க. அவளுக்குக் குண்டுமல்லி வாங்கிட்டுப் போகணும்" என்றார்.

அந்தப் பத்து நோட்டை மட்டும் இரண்டு தடவை எண்ணினார்.