மைக்கை அணைத்துவிட்டு

1994 என்று நினைவு. நான் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் மதியம் ரைட்டர் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டையும் பஸ் வாரண்டையும் கையில் கொடுத்து, "கீழ்ப்பாக்கம் எஸ்கார்ட், ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றார். கீழ்ப்பாக்கம் என்றால் சென்னையில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனை. பாஸ்போர்ட் என்றால் வெளிநாடு போகிற பாஸ்போர்ட் இல்லை. நாங்கள் டூட்டியாக வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் போட்டுத் தரும் சீட்டு. வாரண்ட், பஸ் டிக்கெட்டுக்குப் பதிலாக.

கூட்டிப் போக வேண்டியவர் மார்க்கெட் நடுவில் நின்று கல் எறிந்துகொண்டிருந்தவர். மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி ஆர்டர் வாங்கியாகிவிட்டது. அதில் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 40' என்று இருந்தது. ராத்திரி பஸ்ஸில் கடைசி சீட். என் துண்டை எடுத்து அவருடைய வலது கையை முன் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். யாரும் கட்டச் சொல்லவில்லை. கட்டக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. அதுதான் வழக்கம்.

விழுப்புரம் பக்கத்தில் பஸ் நின்றபோது, "சார், ஒண்ணுக்குப் போகணும்" என்றார். துண்டின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கன்றுக்குட்டியை ஓட்டுவது போலக் கூட்டிப் போனேன். பஸ் ஜன்னல் எல்லாவற்றிலும் தலைகள். அவரே சொன்னார்: "ஓட மாட்டேன் சார். இது எந்த ஊருன்னே தெரியல, எங்க ஓடுறது?"

காலையில் கீழ்ப்பாக்கத்தில் ஒப்படைத்தோம். அங்கிருந்த நர்ஸம்மா முதலில் துண்டை அவிழ்த்தார். மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவரிடம், "சாப்பிட்டீங்களா? உங்க பேரு என்ன?" என்று கேட்டார். அவர் பெயரைச் சொன்னார். அப்பா பெயரைச் சொன்னார். ஊரைச் சொல்லி, அந்த ஊருக்குத் தபால் எந்த ஊர் வழியாக வரும் என்பதையும் சொன்னார். பதினாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறோம். நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. ஆர்டரில் பெயர் தெரியாதவர் என்று இருந்ததால் பெயர் தெரியாதவர்தான் என்று இருந்துவிட்டோம்.

அன்றைக்கு இருந்தது 1987-ஆம் வருடத்து மனநலச் சட்டம். சுற்றித் திரிகிறவரைப் பிடி, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்து, ஆர்டர் வாங்கு, கொண்டுபோய்ச் சேர். ஒரு திருட்டு கேஸுக்கும் இதற்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்டேஷனில் அதற்குப் பெயரே 'மெண்டல் கேஸ்'தான். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மேல் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவில் கேஸ் போடுவதும் அப்படித்தான் நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் டியூபோடு கிடக்கிற பெண்ணிடம் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்தக் கை நடுங்கியதில் என் பேனா கீழே விழுந்தது. அவர்தான் "மன்னிச்சுக்குங்க சார்" என்றார்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள், ஓட முடியவில்லை. நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன். பேப்பரில் படத்தைப் பார்த்தபோது ஊரெல்லாம் சங்கிலியைப் பற்றிப் பேசியது. எனக்குத் துண்டு ஞாபகம் வந்தது.

புது மனநலச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 மே மாத முடிவில் அமலுக்கு வந்தது. நான் அதற்குள் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு எஸ்.ஐ. ஆகியிருந்தேன். (ஊரில் இன்னமும் ஏட்டய்யாதான்.) மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். வழக்கம்போல டீ, சமோசா, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. ஆனால் பேசிய மனநல மருத்துவர் 100-வது பிரிவை ஆளுக்கொரு தாளில் தமிழில் அடித்துக் கொண்டுவந்திருந்தார். மனநலம் பாதித்துத் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரையும், தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரையும் 'பாதுகாப்பில்' எடுக்க வேண்டும். கைது என்ற பேச்சே இல்லை. ஏன் அழைத்துப் போகிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் எந்தச் சூழ்நிலையிலும் வைக்கக்கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷன் பொறுப்பு. 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 அந்த வடிவத்தில் இல்லவே இல்லை. நான் போட்ட 309-கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த மருத்துவர் மெம்பிஸ் நகரத்தைப் பற்றியும் சொன்னார். அமெரிக்காவில் இருக்கிறது. 1987-ல் ஒரு தாய், மகன் கத்தியால் தன்னையே கீறிக்கொள்கிறான் என்று போலீஸை உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார். வந்த போலீஸ் மகனைச் சுட்டுவிட்டது. அடுத்த வருடம் அங்கே மருத்துவர்களும் போலீஸும் சேர்ந்து ஒரு பயிற்சியை ஆரம்பித்தார்கள், 40 மணி நேரம். எங்களுக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஆறு மணி நேரம். சரி, அதுவாவது கிடைத்தது.

அங்கேதான் மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் அறிமுகம் ஆனார். பெண், முப்பது வயது இருக்கும். ஒப்பந்த வேலை. நம்பர் கொடுத்து, "ராத்திரியும் கூப்பிடலாம் சார், எடுப்பேன்" என்றார். எடுத்தார்.

இனி அந்த ஒரு நாள். ஆள், ஊர் அடையாளம் எதுவும் வேண்டாம். இருபத்தாறு வயதுப் பையன், டிப்ளமோ படித்தவன். மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம். அரிவாளோடு வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். அம்மா வாசலில். தெருவே கூடி நிற்கிறது. எங்கள் எஸ்.ஐ. சின்ன வயது, நல்லவர். கதவை உடைத்து ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம் என்றார். முடித்திருக்கலாம்தான்.

சமூகப் பணியாளர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். போனில் மருத்துவர். வந்ததும் அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசினார், ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார், நேராக என்னிடம் வந்தார்.

"சார், அந்த மைக்கை ஆஃப் பண்ணுங்க."

எங்களுக்கு மைக் என்பது வாக்கி டாக்கி. டூட்டியில் அதை அணைப்பது சாதாரண விஷயம் இல்லை. கன்ட்ரோல் ரூம் கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் விளக்கம் எழுத வேண்டும். தயங்கினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "உள்ள இருக்குறவருக்கு ஏற்கனவே குரல் கேக்குது. உங்க மைக்கில யார் யாரோ பேசுறாங்க, பேரு சொல்றாங்க, 'அந்த ஆளு எங்க இருக்கான்'னு கேக்குறாங்க. எல்லாம் தன்னைப் பத்தின்னு நினைக்கிறார்."

முப்பது வருடமாக அந்தக் கரகரப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறேன். அது இன்னொருவர் காதில் எப்படி விழும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அணைத்தேன். தொப்பியையும் ஷூவையும் நானே கழற்றி ஜீப்பில் வைத்தேன். ஜீப்பை அடுத்த தெருவுக்கு அனுப்பச் சொல்லி எஸ்.ஐ.யைக் கேட்டுக்கொண்டேன். அவரும் தலையசைத்தார்.

எனக்கும் தெரிந்தது சில இருந்தது. சமூகப் பணியாளரம்மா ஜன்னலை ஒட்டி உட்காரப் போனார். அரிவாள் எட்டும் தூரம் எவ்வளவு என்று எங்களுக்குத்தான் தெரியும். இரண்டடி தள்ளி, சுவர் ஓரமாக உட்கார வைத்தேன். அப்புறம், கூட்டத்தில் முன்னால் நின்று "வெளிய வாடா" என்று கத்திக்கொண்டிருந்தவர் தாய்மாமன். போன தடவை இந்தப் பையனை அடித்து இழுத்துப் போனது அவர்தான் என்பது எனக்குப் பழைய பெட்டிஷனில் இருந்து தெரியும். அவரை டீ வாங்கித் தருகிறேன் என்று தெரு முனைக்குக் கூட்டிப் போய் அங்கேயே நிறுத்தினேன். அது அந்தம்மாவுக்குத் தெரிய வழியில்லை.

உள்ளே இருந்து, "அவனுங்க என்னப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கானுங்க" என்றான். அந்தம்மா, "எனக்குக் கேக்கல தம்பி. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு நம்புறேன். ரொம்பத் தொந்தரவா இருக்கும்ல?" என்றார். நானாக இருந்தால் யாரும் பேசவில்லை, சும்மா இரு என்றிருப்பேன். அப்புறம் இதைக் கேட்டபோது, "இல்லைன்னு சொன்னா நாம பொய் சொல்றோம்னு நினைப்பார் சார். ஆமான்னு சொன்னா நிஜமாவே பொய்" என்றார்.

மூன்று மணி நேரம். பாதி நேரம் யாரும் பேசவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது. ஒரு சமயம் அவன் தண்ணீர் கேட்டான், அம்மா கொடுத்தார். கடைசியில் அரிவாளைப் பீரோ மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தபோது முதலில் கேட்டது, "அடிப்பீங்களா?" என்றுதான். "அடிக்க மாட்டோம், ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம், அம்மாவும் வர்றாங்க" என்றேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சொன்னேன். ஆம்புலன்ஸில் டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மைக் ஏன் பதில் சொல்லவில்லை என்று எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். 'நோயாளியின் நலன் கருதி' என்று ரைட்டர் வார்த்தை எடுத்துக்கொடுத்தார்.

எல்லாமே இப்படி முடியவில்லை. இன்னொரு ராத்திரி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மனநல மருத்துவர் காலையில்தான் வருவார், ஸ்டேஷனில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எந்த மருத்துவரும் அவசர சிகிச்சையைத் தொடங்கலாம், 72 மணி நேரம் வரை, சட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னேன். ஒரு எஸ்.எஸ்.ஐ. சட்டம் சொன்னால் டூட்டி டாக்டருக்கு எப்படி இருக்கும்? கேஷுவாலிட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். விடியற்காலை டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து அடுத்த தாலுகாவில் கிடைத்தார், உயிரோடு. அந்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த மாதிரி இடத்துக்குப் போலீஸே போகக்கூடாது, மருத்துவக் குழுதான் போக வேண்டும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். காக்கியைப் பார்த்தாலே பதறுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கிராமத்துக்கு யார் போவார்கள்? 14416-க்குப் போன் போட்டால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸில் ஆலோசகர் எடுப்பார், நன்றாகவும் பேசுவார். அரிவாளோடு நிற்கிற வீட்டு வாசலுக்கு ஆள்தான் வர வேண்டும். அந்த ஆளாக நானும் சமூகப் பணியாளரும் சேர்ந்து போனதுதான் சரியாக இருந்தது. அதுவும் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் போனில் இருந்ததால் நடந்தது, எந்த ஆணையாலும் இல்லை.

2024-ல் ஓய்வு பெற்றேன். அந்தம்மாவும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்குப் புது எஸ்.ஐ. கூப்பிட்டார். "அய்யா, அந்த மனநல மேடம் நம்பர் உங்ககிட்ட இருக்குமாமே?" புதிதாக வந்தவர் நம்பரை வாங்கி வைத்திருந்தேன், கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போன். எடுக்கவில்லையாம்.

"மைக்கை முதல்ல ஆஃப் பண்ணுங்க" என்றேன். எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டே சட்டையைத் தேடினேன்.