மஞ்சள்தானே, என்ன பண்ணிடப் போகுது?

ஈரோட்டில் மெடிக்கல் ஷாப் நடத்துவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தை, மாசி வந்தால் வீதியில் மஞ்சள் மூட்டை ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். கடைக்குள்ளே அதே மஞ்சளின் சத்தைப் பிரித்தெடுத்துக் கேப்சூலில் அடைத்த பாட்டில்கள் கண்ணாடி அலமாரியில் நிற்கும். அதை வாங்க வருகிறவர்களில் தோட்டத்தில் மஞ்சள் போட்டவர்களும் உண்டு. ‘பேரன் வெளிநாட்டுல இருந்து போன்ல சொன்னானுங்க, மூட்டு வலிக்கு நல்லதாம்’ என்பார்கள். எந்த மாத்திரையை நீட்டினாலும் ‘இது சூடா, வயித்தைக் கெடுக்குமா, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா’ என்று நாலு கேள்வி கேட்கிற எங்கள் ஊர்க்காரர்கள், இந்த ஒரு பாட்டிலை மட்டும் ஒன்றுமே கேட்காமல் பையில் போட்டுக்கொள்வார்கள். நாமாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் உடனே பதில் வரும்: ‘மஞ்சள்தானே அம்மிணி, என்ன பண்ணிடப் போகுது?’

பின்னால் ஆள் நின்றுகொண்டிருக்கும்போது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. இங்கே சொல்கிறேன்.

மஞ்சளை நான் குறைத்துப் பேச மாட்டேன். அம்மா வீடு கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனம். பொங்கல் முடிந்தால் அப்புச்சி தோட்டத்தில் மஞ்சள் வெட்டு. வெட்டிய கிழங்கைக் கொப்பரையில் வேகவைக்கும்போது வரும் மண்ணும் கசப்பும் கலந்த ஆவி மூக்கிலேயே நிற்கும். அப்புறம் களத்தில் காயப்போடுவார்கள். காய்ந்ததா என்று பார்க்க அப்புச்சி ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். ‘டக்’கென்று உலோகம் மாதிரி சத்தம் வரவேண்டும், ஒடிந்த இடத்தில் ஆரஞ்சு நிறம் தெரியவேண்டும். வளைந்தால் இன்னும் ரெண்டு நாள் வெயில். பிறகு டிரம்மில் போட்டுச் சுற்றி, பாலிஷ் ஆனதும் விரலி தனி, கிழங்கு தனி என்று பிரித்து மூட்டை கட்டி மண்டிக்குப் போகும். 2019 இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது, நானும்தான்.

அந்த ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் குர்குமின். ஆராய்ச்சிக்காரர்கள் இருநூறு வருஷமாகத் துரத்திக்கொண்டிருப்பது இதைத்தான். 1815 இல் மஞ்சளிலிருந்து இதைப் பிரித்தார்கள். 1910 இல் இதன் வேதியியல் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மஞ்சள்தூளில் இது சராசரியாக 3 சதவீதம்தான் இருக்கிறது. மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் இன்னும் அதிகம். எங்கள் ஊர் ஆட்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும், ஆனால் உண்மை அதுதான்.

இப்போது ஒரு கணக்கு. எங்கள் வீட்டில் நாலு பேர் சாப்பிடும் குழம்புக்கு அரை ஸ்பூன் மஞ்சள்தூள் போடுகிறேன். ஏறக்குறைய ஒன்றரை கிராம். அதில் குர்குமின் 45 மில்லிகிராம், ஆளுக்கு 11 வந்தால் பெரிது. அலமாரியில் நிற்கும் கேப்சூலில் 500 மில்லிகிராம் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமினும் அதன் பங்காளிகளும். அதாவது 475 மில்லிகிராம். ஒரே விழுங்கில் நாற்பது பேர் சாப்பாட்டு மஞ்சள் உள்ளே போகிறது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் சின்ன விசேஷப் பந்தியே முடிந்துவிடும். குர்குமினை உணவுக்கு நிறமேற்றப் பயன்படுத்துவதற்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 3 மில்லிகிராம் வரை. 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். ஆயுள் முழுக்க தினமும் சாப்பிட்டாலும் பயமில்லை என்று வைத்த அளவு அது. தாண்டினால் மறுநாளே ஏதாவது ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம் என்ற தைரியத்தை இந்த கேப்சூலுக்குக் கொண்டுவர முடியாது. பாட்டி இந்த அளவில் சாப்பிட்டதே இல்லை.

‘அவ்வளவு சாப்பிட்டா அவ்வளவு பலன்தானே’ என்று ஒருவர் கேட்டார், மில் வேலையில் ஓய்வு பெற்றவர். கெட்டிக்காரக் கேள்வி. குர்குமினின் பெரிய சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சாப்பிட்டால் ரத்தத்துக்குள் போவதில்லை. தண்ணீரில் கரையாது. குடலைத் தாண்டும் கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே வேறு பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. 1998 இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான சிலருக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தால் ஒன்றுமே தெரியவில்லை, தெரிந்தாலும் மிகமிகக் குறைவு. அதோடு மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்ததும் அளவு 2000 சதவீதம் கூடியது. இன்றைக்கு எல்லா பாட்டிலிலும் ‘மிளகுச் சாறு சேர்த்தது’ என்று பெரிய எழுத்தில் போடுவதற்கு மூலம் இந்த ஒரு சின்ன சோதனைதான். 2000 சதவீதம் என்றதும் வாய் பிளக்கிறோம். ஒன்றுமில்லாததற்குப் பக்கத்தில் இருப்பதை இருபது மடங்கு ஆக்கினாலும் அது கொஞ்சம்தான் என்பதை யாரும் லேபிளில் போடுவதில்லை.

அப்படியானால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்திருக்கின்றனவே? புற்றுநோய், சர்க்கரை, மறதி நோய் எல்லாவற்றுக்கும் குர்குமின் வேலை செய்கிறது என்கிறார்களே? பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் செய்தவை. 2017 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சனும் கூட்டாளிகளும் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் இதையெல்லாம் திரட்டி ஒரு நீளமான கட்டுரை எழுதினார்கள். நான் ரசித்துப் படித்த சில ஆய்வுக் கட்டுரைகளில் அது ஒன்று. குர்குமின் தானாகவே ஒளிரும் பொருள். ஒளியை அளந்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் இது புகுந்தால், வேலை செய்யாமலே செய்ததுபோல் காட்டும். எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தின் காரத்தன்மையில் சில நிமிஷங்களிலேயே சிதைந்து வேறு பொருளாகிவிடும். 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், மருந்து எது, வெறும் மாத்திரை எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் செய்த சோதனை ஒன்றுகூட அதுவரை வெற்றி பெறவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல எழுதிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், இந்தத் துறையின் பெரிய பெயரான அமெரிக்காவில் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இருந்த பரத் அகர்வாலுடைய ஆய்வுகள். மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டியவை. தரவுகளின் நம்பகத்தன்மையைப் பற்றிக் கேள்வி எழுந்து, 2016 இல் ஒரே இதழ் அவருடைய 7 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பிறகு இன்னும் பல. அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய விளம்பரங்களை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

அதற்காக எல்லாம் பொய் என்று சொல்லிவிட மாட்டேன். மூட்டு வலி விஷயத்தில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மஞ்சள் சாறு நாளுக்கு 1500 மில்லிகிராம், மறு குழுவுக்கு வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் 1200 மில்லிகிராம் என்று நாலு வாரம் கொடுத்தார்கள். 2014 இல் முடிவு வந்தது. வலி குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவு, மஞ்சள் குழுவில் வயிற்று வலி, வயிற்றுத் தொந்தரவு குறைவு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் செய்ததிலும் வெறும் மாத்திரையைவிட வலி ஓரளவு குறைந்தது. ஆனால் ஸ்கேனில் மூட்டு வீக்கம் மாறவில்லை. செரிமானக் கோளாறில், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலுக்கு இணையாக இருந்தது என்று 2023 இல் தாய்லாந்திலிருந்தே இன்னொரு ஆய்வு. எனவே முழங்கால் வலிக்காரர் ஒருவர் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டு ‘நல்லாருக்குதுங்க’ என்றால் நான் சிரிக்க மாட்டேன். நிஜமாகவே நன்றாக இருக்கலாம்.

ஆனால் பாருங்கள், வேலை செய்கிறது என்று ஒப்புக்கொண்ட நிமிஷமே அது மருந்து. ஐபுப்ரோஃபெனுக்கு இணை என்றால் ஐபுப்ரோஃபெனிடம் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்கவேண்டாமா? என்ன அளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது, வேறு எந்த மாத்திரையோடு சண்டை போடும்? ‘மஞ்சள்தானே’ என்பது இந்தக் கேள்வி எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது. லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் மருந்து உரிம எண் இருக்காது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்தான் இருக்கும். கூடவே பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி. முன்பக்கத்தில் முழங்கால் படம், பின்பக்கத்தில் இந்த வரி! சட்டப்படி அது சாப்பாட்டு வகை.

யாருக்கு ஆகாது என்பதற்கு இப்போது ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. 2019 இல் இத்தாலியில் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டவர்களுக்கு வரிசையாகக் கல்லீரல் அழற்சி வந்தது. கலப்படம்தான் காரணம் என்று தேடினார்கள், அப்படி எதுவும் சிக்கவில்லை. லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது அரசு. அமெரிக்காவில் மருந்துகளால் கல்லீரல் கெடுவதைக் கண்காணிக்கும் மருத்துவமனைக் குழு, மஞ்சளால் வந்தது என்று முடிவு செய்த 10 பேரைப் பற்றி 2022 இல் எழுதியது. அதில் 5 பேர் மருத்துவமனையில் சேரவேண்டியிருந்தது, ஒருவர் இறந்துபோனார். 10 பேரில் 7 பேருக்கு எச்.எல்.ஏ. பி 35:01 என்ற ஒரே மரபணு வகை. சிலருடைய உடம்பு மட்டும் இதை எதிரியாக நினைத்துக் கிளம்புகிறது போலிருக்கிறது. அந்தச் சிலரில் நாம் இருக்கிறோமா என்று சாப்பிடுவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது. லட்சக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இது அபூர்வம்தான், பயமுறுத்தவில்லை. ஆனால் சிறுநீர் அடர் மஞ்சளாகி, கண்ணும் மஞ்சளாகும்போது ‘கேப்சூல் கலர் இறங்குது’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பைப்பரின். குர்குமினைக் கல்லீரல் வெளியேற்றாமல் அது எப்படித் தடுக்கிறது? மருந்துகளை உடைக்கும் நொதிகளின் கையைக் கட்டிப்போட்டுத்தான். கட்டிய கை குர்குமினுக்கு மட்டும் கட்டப்படுவதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனோலால், மூச்சுத் திணறலுக்கான தியோஃபிலின் ஆகிய மூன்றும் பைப்பரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுகின்றன என்று மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே இதை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தினார்கள்: ஜம்முவில் உள்ள மத்திய அரசு ஆய்வகம் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து, 450 மில்லிகிராம் மருந்தின் வேலையை 200 மில்லிகிராமில் வாங்கும் மாத்திரையை உருவாக்கியது. அளந்து, சோதித்து, மருந்தாக. அதே பைப்பரினை ‘கொஞ்சம் மிளகுதானே’ என்று தினமும் விழுங்கும் பெரியவர், பக்கத்து அட்டையில் ஆறு மாத்திரை வைத்திருக்கிறார். ரசத்து மிளகுக்கு இந்தக் கவலை வேண்டாம், ரசம் குடியுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். நியூசிலாந்தில் ஒருவருக்கு மஞ்சள் சப்ளிமென்ட் ஆரம்பித்த பிறகு ரத்தம் உறைய ஆகும் நேரம் தாறுமாறாகக் கூடிப்போய், அந்நாட்டு மருந்துத் துறை 2018 இல் எச்சரிக்கை விட்டது.

எங்கள் கடையில் நான் செய்வது இவ்வளவுதான்: பாட்டிலைக் கேட்டால் முதலில் ‘வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க’ என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் ‘ஒண்ணுமில்லீங்க’ என்பார்கள். கொஞ்ச நேரம் பேசினால் பிரஷர் மாத்திரை வெளியே வரும், அப்புறம் சர்க்கரை மாத்திரை, கடைசியில் ‘ஹார்ட்டுக்கு ஒண்ணு, அது சின்னதுங்க’ என்று ஒன்று. மாத்திரை சின்னதாக இருந்தால் கணக்கில் சேராது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பித்தப்பைக் கல், கல்லீரல் தொந்தரவு, வார்ஃபரின், வலிப்பு இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். சிலர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடையில் வாங்குவார்கள். மற்றவர்களுக்கு, பின்பக்க லேபிளில் பைப்பரின் என்று போட்டிருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, ‘டாக்டர்கிட்ட போறப்ப மாத்திரைச் சீட்டோட இந்த பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லிக் கொடுக்கிறேன். டாக்டர்கள் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. கேட்டால் திட்டுவார் என்று பயம், பாவம்.

அமுக்கரா (அஸ்வகந்தா) கேப்சூலைப் பற்றியும் எழுதச் சொல்லி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அது இதைவிட நீளமான விவகாரம், தனியாக எழுதுகிறேன்.