கைத்திறமை மட்டும் போதாது

பொழுதுபோக்காக ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களிடையே, கைத்திறமை இருந்தால் எதையும் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருப்பது எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது. 1995இல் உலக ராலி கார் பந்தய சாம்பியனான காலின் மெக்ரேயைவிடத் துரிதமான கைகள் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? 2007 செப்டம்பர் 15 அன்று, ஸ்காட்லாந்தின் லானர்க் அருகே, தம் வீட்டை நெருங்கிய வேளையில், மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்குக்குள் அவர் தாழ்வாக ஓட்டிச்சென்ற ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது; அவரோடு அவருடைய ஐந்து வயது மகனும், இன்னொரு சிறுவனும், குடும்ப நண்பர் ஒருவரும் உயிரிழந்தனர். அவருடைய விமானி உரிமம் அப்போது காலாவதியாகியிருந்தது. அந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைய எந்தத் தேவையும் இருக்கவில்லை என்று 2011இல் நீதிமன்ற விசாரணை முடிவு தெளிவாகக் கூறியது. அந்தக் குழந்தைகளை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

இயந்திரமும் தாராளமாக மன்னிப்பதில்லை. பயிற்சியில் பரவலாகப் பயன்படும் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரின் சுழலி (மேலே சுழலும் இறக்கைத் தொகுதி) எடை குறைந்தது என்பதால், எஞ்சின் நின்றவுடன் ஓரிரு நொடிகளுக்குள் இறக்கைகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலைத் தாழ்த்தாவிட்டால், சுழல்வேகம் மீட்க முடியாத அளவுக்குச் சரிந்துவிடும். 1995இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆர்22, ஆர்44 ஓட்டுநர்களுக்கெனத் தனிப் பயிற்சி விதியையே கொண்டுவந்தது. இத்தகைய அனிச்சைச் செயல் பழக்கத்தால் மட்டுமே நிலைக்கிறது. எப்போதாவது பறப்பவரிடம் அது விரைவாக மங்கிவிடுகிறது.

மேகம் இறங்குவதைக் கண்டு பாதி வழியில் திரும்பிவிடும் விமானியையே நான் மதிக்கிறேன். நண்பர் ஒருவர் உங்களைப் பறக்க அழைத்தால், எஞ்சின் இன்றித் தரையிறங்கும் பயிற்சியைப் பயிற்றுநருடன் கடைசியாக எப்போது செய்தார் என்று தயங்காமல் கேளுங்கள்.