அப்பாவின் அளவு நோட்டு: 14 மாதப் படப்பதிவு

அப்பா இறந்து ஓராண்டு கழித்து, வீட்டு முன்னறையில் அவர் தைத்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தபோது மூன்று அளவு நோட்டுகள் கிடைத்தன. பெயர், தேதி, அதன் கீழே உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை, கழுத்து என்று அங்குலக் கணக்கில் எழுதிய எண்கள். சில பக்கங்களின் ஓரத்தில் “இடது தோள் சரிவு”, “கழுத்து இறுக்கம் வேண்டாம்” என்பது போன்ற குறிப்புகள். இவற்றை வைத்து ஒரு புகைப்படத் தொடர் செய்யத் தொடங்கி இப்போது 14 மாதங்கள் ஆகின்றன. அந்தப் பணி இன்னும் முடியவில்லை என்றாலும், செய்து பார்த்தவை எனக்கே மறந்துபோவதற்குள் எழுதிவைக்க நினைக்கிறேன்.

முதல் மூன்று மாதங்கள் பொருள்களை மட்டுமே எடுத்தேன். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் மியாகோ இஷியுச்சி, 2000இல் இறந்துபோன தம் தாயின் உதட்டுச்சாயம், உள்ளாடைகள், பல்செட்டு ஆகியவற்றை எடுத்த படங்கள் 2005இல் வெனிஸ் பினாலே கலைக்கண்காட்சியின் ஜப்பான் அரங்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் படங்களைத் தாண்டிச் செல்ல முடியாமல் பல மாதங்கள் நின்றிருந்த எனக்கு, அப்பாவின் கத்தரிக்கோலையும் விரலுறையையும் அதே போல எடுத்தால் போதும் என்றுதான் பட்டது. வெள்ளைத் துணி விரித்து, இருபுறமும் விளக்கு வைத்து, லென்ஸின் துளையை எஃப் 11க்குச் சுருக்கி எடுத்தேன். எல்லாம் கூர்மையாக வந்தன. ஆனால் எதுவும் ஒரு மனிதரின் கையில் இருந்த பொருளாகத் தெரியவில்லை, விற்பனைக்கு வைத்த பொருளாகவே தெரிந்தது. இஷியுச்சியின் படங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோதுதான், தேய்ந்த உதட்டுச்சாயத்தின் முனையில் அதைத் தேய்த்த உதட்டையும் நாம் பார்க்கிறோம் என்பது புரிந்தது. நான் தேய்மானத்தின் மேல் விளக்கைக் கொட்டி, அதை அழித்திருந்தேன்.

அதன் பிறகு விளக்குகளை எடுத்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து, காலை வெளிச்சம் ஏறக்குறைய மேசையின் மட்டத்திலேயே படுத்து விழும்படி பொருள்களை வைத்தேன். கத்தரிக்கோலின் கட்டைவிரல் வளையத்தில் அப்பா சுற்றியிருந்த துணி நடுவில் மட்டும் பளபளத்துப் போயிருப்பது அப்போதுதான் படத்தில் தெரிந்தது. நோட்டின் பக்கங்களில் கிடைத்தது இன்னும் பெரிது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பென்சில் பதிந்த பள்ளங்கள் நிழலாக எழுந்தன. முதல் நோட்டில் அடுத்த பக்கம் வரை அழுந்தியிருந்த எழுத்து, மூன்றாம் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தாளைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அவர் கை தளர்ந்த ஆண்டுகள் எவை என்று வீட்டில் யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. தாள் வைத்திருந்தது.

நான்காம் மாதத்தில் வேறொரு வழியில் போய்ப் பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் லெபோஹாங் கன்யே, 2010இல் தம் தாய் இறந்த பிறகு, தாயின் உடைகளை அணிந்து, பழைய குடும்பப் படங்களில் தாய் நின்ற அதே நிலையில் தாமும் நின்று, அந்த உருவத்தைப் பழைய படத்தின் மேல் நிழல்போலப் படியவைத்து 2013இல் ஒரு தொடரை உருவாக்கினார். இயந்திரத்தில் சாய்ந்து நிற்கும் அப்பாவின் பழைய படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவருடைய சட்டையை அணிந்து, பழைய படத்தைத் திரையில் பாதி ஊடுருவும்படி வைத்து, இயந்திரச் சக்கரத்தின் வளைவும் மேசை விளிம்பும் பொருந்தும் வரை கேமராவை ஏற்றி இறக்கினேன். தரையிலிருந்து 110 சென்டிமீட்டரில் பொருந்தியது. ஆறு மாலைகள் செலவழித்த பின் தொழில்நுட்ப அளவில் குறையில்லாத ஒரு படம் கிடைத்தது. ஆனாலும் அதைத் தொடரில் சேர்க்கவில்லை. கன்யேயின் படத்தில் ஒரு மகள் தன் தாயைத் தேடிப் போகிறாள். என் படத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உள்ள முகச்சாயல் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தச் சட்டையின் தோள் மட்டும் எனக்கு இருபுறமும் இறங்கி நின்றது. நோட்டில் என் பக்கத்தைத் தேடினேன்: தோள் 17½. அப்பாவின் பக்கத்தைத் தேடினேன். மூன்று நோட்டிலும் அது இல்லை. மற்ற எல்லாருடைய உடலையும் எழுதி வைத்தவர் தம் உடலை எழுதவில்லை. அந்த மற்ற எல்லாரையும் போய்ப் பார்ப்பது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

மூன்று நோட்டுகளிலும் சேர்த்து 212 பெயர்கள். அம்மாவின் நினைவைத் துணையாகக் கொண்டு அவர்களில் 41 பேரைக் கண்டுபிடித்தோம். இதுவரை 23 பேரை எடுத்திருக்கிறேன், 5 பேர் மறுத்துவிட்டார்கள். மறுத்த ஒரு அம்மையார், தம் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்த உடம்பு இப்ப இல்லைப்பா” என்று மட்டும் சொல்லி நோட்டை மூடிக்கொடுத்தார். ஒருவருடைய இடுப்பளவு அவருக்கும் தைத்தவருக்கும் இடையே இருந்த செய்தி என்பதும், அதைப் பொதுவில் வைக்கும் உரிமை எனக்கு மரபுரிமையாக வரவில்லை என்பதும் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து, சம்மதம் இல்லாத பக்கத்தைப் படத்தில் காட்டுவதில்லை. 2006 முதல் தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்களின் உருவப்படங்களை எடுத்துவரும் ஜனேலே முஹோலி, தம் படங்களில் இருப்பவர்களைப் ‘பங்கேற்பாளர்கள்’ என்றே குறிப்பிடுகிறார். வெறும் சொல் நாகரிகம் என்று முன்பு நினைத்திருந்தேன், அது தவறு.

முதல் பத்து உருவப்படங்கள் தோல்வி. நோட்டின் பக்கத்தைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னவுடன் எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் முகத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அது அன்பினால் வந்த முகம்தான். ஆனால் பத்துப் பேருக்கும் ஒரே முகமாக இருந்தது. பதினோராவது நபரிடம் போகும்போது தங்கையும் உடன் வந்தாள். அப்பாவின் அளவு டேப்பையும் கொண்டுவந்திருந்தாள். அப்பா செய்தபடியே அவர்களுக்கு மறுபடி அளவெடுப்போம் என்பது அவள் யோசனை. டேப் தோளில் பட்டதும் அந்தப் பெரியவரின் முகவாய் தானாக நிமிர்ந்தது, கைகள் உடலைவிட்டுச் சற்று விலகின, மார்பைச் சுற்றும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார். “மூச்சை விடுங்க மாமா” என்றாள் தங்கை. அப்பா எல்லாரிடமும் சொன்ன அதே வார்த்தை. அவர் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பு முடியுமுன் கண் கலங்கியது. அந்த இடைவெளியில் எடுத்த படம்தான் தொடரின் முதல் படமாக இருக்கும். முதல் பத்துப் பேரில் ஏழு பேர் மறுபடியும் வர ஒப்புக்கொண்டார்கள்.

ஒன்பதாம் மாதம் முதல், அச்சிட்ட படத்தின் கீழே 6 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டு, அவர்களையே எழுதச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜிம் கோல்ட்பெர்க், 1985இல் நூலாக வந்த தம் தொடரில், செல்வர்களையும் ஏழைகளையும் அவரவர் வீட்டில் படம் எடுத்து, அச்சிட்ட படத்தின் கீழே அவர்கள் கையெழுத்திலேயே எழுத வைத்தார். வழவழப்பான தாளில் மை கலைந்துவிடுவதால் மேட் தாளுக்கு மாறினேன். ஒருவர் தம் பழைய அளவையும் புதிய அளவையும் அடுத்தடுத்து எழுதி, நடுவில் ஒரு கோடு மட்டும் போட்டார். இன்னொருவர், “ஒரு சட்டைக்குக் கூலி பாக்கி இருக்கிறது” என்று எழுதினார்.

படங்களைத் தேர்ந்தெடுப்பது அம்மா. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லடோயா ரூபி ஃப்ரேசியர் தம் பாட்டி, தாய், தாம் என மூன்று தலைமுறையையும் பிராடக் என்ற எஃகு ஆலை நகரத்தின் சரிவையும் பதிவுசெய்து 2014இல் வெளியிட்ட நூலில், தாய் படம் எடுக்கப்படுபவராக மட்டும் இல்லாமல் கேமராவுக்குப் பின்னாலும் நின்றவர். அம்மா கேமராவைத் தொட மறுக்கிறார்; ஆனால் 23 படங்களில் 14ஐ மட்டும் தேர்ந்தெடுத்தார். எனக்கு மிகப் பிடித்த ஐந்து வெளியே போய்விட்டன. “வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இவர் இப்படி நிக்கமாட்டார்” என்று ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார். அவர் சரி என்றே நினைக்கிறேன். அந்த நிற்கும் நிலையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

இன்னும் 13 பேரைப் பார்க்க வேண்டும். போன வாரம் தங்கை அப்பாவின் அந்தச் சட்டையை வெட்டுமேசையில் விரித்து, தைத்த சட்டையிலிருந்து அளவெடுக்கும் முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்து, மூன்றாம் நோட்டில் அவருடைய கடைசிப் பதிவுக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். உயரம் 29, தோள் 18½, கை 9. அழுத்தி எழுதும் பழக்கம் அவளுக்கும் உண்டு. மறுநாள் காலை அந்தப் பக்கத்தை அதே ஜன்னலருகே வைத்து, எஃப் 5.6இல், 1/15 வினாடியில் எடுத்தேன். எண்களின் பள்ளங்கள் எல்லாம் விழுந்திருக்கின்றன.